‘நமது நிருபர்’ விருது வாங்க முடியுமா? சுற்றுச்சூழல், சுகாதாரச் செய்தி எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாவட்டப் பதிப்பு ஒன்றில், நிருபர்கள் அனுப்பும் செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். இப்போது சுகாதாரம், சுற்றுச்சூழல் பற்றித் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஓரிரு விருதுகளுக்கு முதல்கட்டத் தேர்வில் கட்டுரைகளைப் படித்துக் கொடுத்ததும் உண்டு. அதனால் தாலுகா நிருபர்களிடமிருந்து மாதத்துக்கு நாலு போனாவது வந்துவிடுகிறது. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். எழுதி வைத்துவிட்டால் லிங்க்கை அனுப்பி வேலையை முடிக்கலாமே என்ற சோம்பேறித்தனத்தில் பிறந்தது இது.

எங்கள் ஊர் சின்ன ஊர். விருது வாங்கும் அளவுக்கு இங்கே என்ன செய்தி இருக்கப்போகிறது?

போபாலில் ராஜ்குமார் கேஸ்வானி என்று ஒருவர் இருந்தார். ‘ரபட்’ என்ற சின்ன இந்தி வாரப் பத்திரிகை நடத்தினார். யூனியன் கார்பைடு ஆலையில் வேலை பார்த்த, அவருக்குத் தெரிந்த தொழிலாளி ஒருவர் 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் வாயு தாக்கி இறந்தார். கேஸ்வானி அங்கிருந்து நூல் பிடித்தார். ஆலையின் பாதுகாப்பு அறிக்கைகளைத் தேடிப் படித்தார், உள்ளே வேலை பார்த்தவர்களிடம் பேசினார். 1982 செப்டம்பரில், இந்த நகரத்தைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சும் தலைப்போடு எழுதினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்தடுத்து எழுதினார். 1984 ஜூனில் ‘ஜன்சத்தா’ நாளிதழிலும் எழுதிப் பார்த்தார். அந்த டிசம்பர் 2 நள்ளிரவு மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. மறு வருஷம் அவருக்கு பி.டி.கோயங்கா விருது கொடுத்தார்கள்.

சந்தோஷப்பட முடியாத விருது அது. ஆனால் உங்கள் கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது. டெல்லி நிருபர்கள் எழுதாத செய்தியை எழுதியவர், அந்த ஆலை இருந்த ஊரில் குடியிருந்தவர். சென்னையிலிருந்து வரும் நிருபர் லாட்ஜில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவார். நீங்கள் பத்து வருஷமாக அதே போர் தண்ணீரைக் குடிக்கிறீர்கள். அது எப்போதிலிருந்து உப்புக் கரிக்கிறது, எந்தத் தெருவில் முதலில் கரித்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டியது பாசனத்துக்கு. திருப்பூர் சாயக்கழிவு வந்து தேங்கி, தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே மனுக் கொடுக்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் வெளியூர் பத்திரிகைகளெல்லாம் காங்கயத்துக்கு வழி கேட்டன. அதற்கு முன்பே உள்ளூர் நிருபர்கள் ஒற்றைப் பத்தியில், நாலு வரியில், திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த நாலு வரிகளில் பெயர் கிடையாது. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

என் செய்தி எல்லாமே ‘நமது நிருபர்’ என்றுதான் வருகிறது. விருதுக்கு அனுப்ப முடியுமா?

எனக்கு வரும் போன்களில் பாதி இதற்காகத்தான். இங்கிலீஷ் பத்திரிகையில் ஆறு வரிச் செய்திக்கும் பைலைன் உண்டு. தமிழ் நாளிதழ்களில் மாவட்டச் செய்திக்குப் பெயர் போடுவது அபூர்வம். ஊர்ப் பெயர், தேதி, அதோடு சரி. பெரிய ஸ்டோரியாக இருந்தால் ‘நமது சிறப்பு நிருபர்’ என்று ஒரு பதவி உயர்வு கிடைக்கும்.

அனுப்ப முடியும். பைலைன் இல்லாத படைப்புக்கு, எழுதியது இவர்தான் என்று ஆசிரியரின் கடிதம் இருந்தால் ஏற்கும் விருதுகள் உண்டு. பத்திரிகையின் லெட்டர்ஹெட்டில், செய்தி வந்த தேதி, பதிப்பு, பக்க எண், தலைப்பு நான்கும் எழுதி, கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். வெறுமனே ‘இவர் எங்கள் நிருபர்’ என்று வாங்கி வந்தால் பிரயோஜனம் இல்லை. அது அடையாள அட்டைக்குத்தான் உதவும்.

சிக்கல் எங்கே என்றால், கடிதம் கேட்கப் போகும்போதுதான் நீங்கள் ஒருவரே எழுதவில்லை என்பது தெரியவரும். நீங்கள் அனுப்பியது பதினைந்து வரி. ஆட்சியர் அலுவலகத் தரப்பை இன்னொருவர் சேர்த்தார், டெஸ்க்கில் ஒருவர் முழுதாக மாற்றி எழுதினார், தலைப்பு வைத்தது மூன்றாமவர். இதைச் சொல்லும்போது எனக்கே குற்ற உணர்ச்சி. நான் டெஸ்க்கில் இருந்தபோது அப்படி மாற்றி எழுதிய ஒரு செய்தி, அதைக் கொண்டுவந்த நிருபருக்குப் பதில் வேறொருவர் பெயரில் ஒரு போட்டிக்குப் போனது. எனக்குத் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அந்த நிருபர் இன்றும் என்னை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறார்.

அதனால் இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, நீங்கள் அனுப்பும் மூலப் பிரதியை வாட்ஸ்ஆப்பில் மட்டும் அனுப்பாமல் மெயிலிலும் அனுப்பிவிடுங்கள், தேதியோடு நிற்கும். இரண்டாவது, இரண்டு பேர் உழைப்பு என்றால் இரண்டு பெயரில் அனுப்புங்கள். கூட்டுப் படைப்பை ஏற்கும் விருதுகள் நிறைய.

சரி, எந்தெந்த விருதுகளைப் பார்க்கலாம்?

முழுப் பட்டியல் தரப்போவதில்லை. நிபந்தனைகள் ஆண்டுக்காண்டு மாறுகின்றன, சில விருதுகள் சத்தமில்லாமல் நின்றும் போகின்றன. நம்மவர்கள் கவனிக்க வேண்டியவை என்று நான் நினைப்பதை மட்டும் சொல்கிறேன்.

நாட்டில் அதிகம் பேசப்படுவது ராம்நாத் கோயங்கா விருது. சுற்றுச்சூழல், அறிவியல் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு பிரிவு, பிராந்திய மொழிகளுக்கென்று ஒரு பிரிவு இருக்கின்றன. தமிழ் நிருபர்கள் இரண்டாவதில்தான் அனுப்ப வேண்டும் என்று பலர் தாங்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். விதிமுறையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சென்னை ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் நடத்தும் விருதுகளில் ஒன்று புலனாய்வுக்கு, இன்னொன்று சமூகத் தாக்கம் ஏற்படுத்திய எழுத்துக்கு. ஆலைக்கழிவு, அரசு மருத்துவமனை, குடிநீர் எல்லாம் இந்த இரண்டாவதில் இயல்பாகப் பொருந்தும். தரமணியில் இருக்கும் பிரஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியாவும் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவும் சேர்ந்து நடத்திவந்த மனிதநேயக் கட்டுரைப் போட்டியில் ஒவ்வொரு ஆண்டும் ஒரு தலைப்புக் கொடுப்பார்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு ஓடக் கூடாது. பேரிடர், இடப்பெயர்வு என்று வரும், அதற்குள் வெள்ளமும் கடலரிப்பும் அடங்கும்.

காசநோய் பற்றி எழுதுகிறவர்களுக்கு ‘ரீச்’ என்ற சென்னை அமைப்பு விருதும், எழுதுவதற்கு நிதி தரும் ஃபெல்லோஷிப்பும் கொடுத்துவருகிறது. உள்ளூர் மொழிகளுக்கு அதில் தனி இடம் உண்டு. ஒரே நோயைப் பற்றிய விருது என்பதால் போட்டி குறைவு என்று நினைத்துவிடாதீர்கள், காசநோயை வருஷக்கணக்காகத் தொடர்ந்து எழுதுகிறவர்கள் போட்டியில் இருப்பார்கள். பெண்கள் சார்ந்த பார்வை உங்கள் ஸ்டோரியில் இருந்தால் பாப்புலேஷன் ஃபர்ஸ்ட் நடத்தும் லாட்லி விருது. தண்ணீர் செய்தி எல்லாமே கடைசியில் குடம் தூக்கும் பெண்ணிடம்தானே போய் நிற்கிறது.

வெளிநாடு என்றால், 2019இல் தொடங்கிய கவரிங் கிளைமேட் நவ் என்ற ஊடகக் கூட்டமைப்பு 2021 முதல் காலநிலைச் செய்திகளுக்கு விருது தருகிறது. எந்த மொழியிலும் இருக்கலாம், இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேண்டும்.

தமிழக அரசின் கலைஞர் எழுதுகோல் விருது 5 லட்சம் ரூபாய். ஆனால் அது ஒரு செய்திக்கு அல்ல, வாழ்நாள் பணிக்கு. ‘அண்ணே, அதுக்கு அப்ளை பண்ணலாமா’ என்று கேட்ட இருபத்தாறு வயதுத் தம்பிக்கு என் வாழ்த்துகள்.

மொழிபெயர்ப்பை நானே செய்யலாமா? கூகுளில் போட்டு அனுப்பினால் போதாதா?

போதாது. முதல்கட்டத் தேர்வில் நான் படித்த ஒரு தமிழ்க் கட்டுரையின் இங்கிலீஷ் வடிவத்தில், ‘தண்ணி சேரல’ என்று ஒரு பாட்டி சொன்னது, தண்ணீர் வந்து சேரவில்லை, குழாயில் வரவில்லை என்ற அர்த்தத்தில் இருந்தது. தமிழ் மூலத்தைப் பார்த்தால், அந்தத் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் கட்டுரையே. தமிழ் தெரியாத நடுவர் என்ன நினைப்பார்? தண்ணீரே வராத ஊரில் தண்ணீர் மாசு பற்றி எழுதியிருக்கிறார் என்றுதான்.

‘சளி’, ‘இளைப்பு’, ‘வாயு’, ‘சூடு’ போன்ற சொற்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘உடம்பு சூடு’ என்று ஒருவர் சொன்னால் அது காய்ச்சல் இல்லை என்பது நமக்குத் தெரியும், மெஷினுக்குத் தெரியாது. மெஷினில் போட்டுத் தொடங்குவதில் தப்பில்லை. ஆனால் இங்கிலீஷ் ஆசிரியர் யாராவது கிடைத்தால், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாகப் படித்துத் திருத்துங்கள். நடையை அழகாக்க வேண்டாம். சாட்சி சொன்னது மாறாமல் போய்ச் சேர்ந்தால் போதும். ‘வேலைப் பளுவுக்கு நடுவே தாலுகா நிருபரே செய்த மொழிபெயர்ப்பு’ என்று நடுவர்கள் இரக்கப்படுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், அவர்கள் முன்னால் இன்னும் நூறு இருக்கும்.

மொழிபெயர்ப்போடு அரைப்பக்கத்தில் ஒரு முன்குறிப்பு வையுங்கள். இந்தச் செய்தி எந்த ஊரில், எந்தச் சூழலில் வந்தது, வந்தபின் என்ன நடந்தது என்று மட்டும். தமிழ் வாசகருக்கு ‘திங்கட்கிழமை குறைதீர் கூட்டம்’ என்றால் விளக்கம் வேண்டாம். மும்பையில் உட்கார்ந்திருக்கும் நடுவருக்கு வேண்டும்.

எண்கள் வந்தால் பயமாக இருக்கிறது. மாசு அளவை எப்படி எழுதுவது?

எண்ணைத் தனியாக நிறுத்தாதீர்கள். அதன் பக்கத்தில் வரம்பை நிறுத்துங்கள்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும்போது எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சுத் திணறிக் கைக்குழந்தைகளோடு தெருவுக்கு ஓடிவந்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது ஆலைப் பக்கம் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம், கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம். இப்படியே எழுதினால் படிப்பவர் அடுத்த செய்திக்குப் போய்விடுவார். காற்றில் 400க்குள் இருக்க வேண்டியது 2,090, கடலில் 5க்குள் இருக்க வேண்டியது 49 என்று எழுதுங்கள். ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

காற்றுத் தரக் குறியீடு இன்னொரு வலை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் மணலி, வேளச்சேரி, ஆலந்தூர் என்று எண் வரும். அது 24 மணி நேரச் சராசரியை வைத்துப் போடும் எண். ராத்திரி இரண்டு மணிக்குப் புகைபோக்கியைத் திறந்துவிட்டு நாலு மணிக்கு மூடினால், சராசரியில் அது கரைந்துவிடும். ‘குறியீடு திருப்திகரம்’ என்று நீங்கள் எழுதும் அதே காலையில் அந்தத் தெருவே இருமிக்கொண்டிருக்கும். மணிவாரித் தரவை எடுத்துப் பாருங்கள்.

எந்த வரம்பு என்பதையும் சொல்லிவிடுங்கள். பி.எம். 2.5 நுண்துகளுக்கு இந்தியாவின் 24 மணி நேர வரம்பு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்த வரம்பு 15. ஒரே காற்று, 50 என்று அளவு காட்டினால் டெல்லி கணக்கில் பாஸ், ஜெனிவா கணக்கில் ஃபெயில். எந்தக் கணக்கில் எழுதுகிறோம் என்று சொல்லாமல் ‘அனுமதிக்கப்பட்ட அளவைவிட மூன்று மடங்கு’ என்று எழுதுவது பாதி உண்மைதான்.

எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு கேன்சர். பக்கத்தில் ஆலை இருக்கிறது. எழுதலாமா?

எழுதலாம். ஆனால் ‘ஆலையால் கேன்சர்’ என்ற தலைப்பு உங்கள் கையில் இருக்கும் ஆதாரத்தைவிடப் பெரியது. முதலில் எண்ணுங்கள். எத்தனை வீடு, எத்தனை பேர், எந்த உறுப்பில், எந்த வயதில், எத்தனை வருஷமாக அங்கே குடியிருக்கிறார்கள்? வாய்ப் புற்றுநோய் ஆறு பேருக்கு என்றால் புகையிலை, பான் பழக்கத்தைக் கேட்காமல் விடக் கூடாது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நடத்தும் பதிவேடுகளிலிருந்து மாவட்ட அளவில் எண்கள் கிடைக்கும். உங்கள் தெரு எண்ணை அதோடு ஒப்பிடும்போது, ஒரு தெருவில் நாலு பேர் என்பது தற்செயலாகவும் நடக்கக்கூடியது என்பதை மறக்காதீர்கள். புள்ளியியல் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் உங்கள் நோட்டைக் காட்டுங்கள். மருத்துவக் கல்லூரிகளில் சமூக மருத்துவத் துறை என்று ஒன்று இருக்கிறது. அங்கே போகும் நிருபர்கள் குறைவு, அதனால் உட்காரவைத்துப் பேசுவார்கள்.

காரணத்தை நிரூபிக்க முடியாவிட்டாலும் செய்தி சாகாது. ‘இத்தனை பேர் கேட்டும் இந்தத் தெருத் தண்ணீரை இதுவரை யாரும் சோதிக்கவில்லை’ என்பதே ஒரு செய்தி. யாராலும் மறுக்கவும் முடியாது.

தர்மபுரி பக்கம் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். அங்கே பாறை அடியில் இருக்கும் தண்ணீரிலேயே ஃப்ளூரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேலே போனால் பல் முளைக்கும் வயதிலேயே கறை ஏறிவிடும், பல வருஷம் குடித்தால் எலும்பு இறுகும். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனது பல்லைப் போட்டோ எடுக்க. அங்கே கண்ணில் பட்டது வேறு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிக்கும்போதெல்லாம் வாயைக் கையால் மூடிக்கொண்டார்கள். முழங்கை ஒரே உயரத்தில், ஒரே மாதிரி, சொல்லிக்கொடுத்த டான்ஸ் போல. டீச்சரிடம் கேட்டேன். ‘எங்க ஸ்கூல்ல எல்லாருமே அப்படித்தான் சார் சிரிப்பாங்க’ என்றார். அவரும் உள்ளூர்க்காரர். சொல்லும்போது அவர் கையும் வாய்க்குப் போனது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஃப்ளூரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் வருகிறது, உண்மை. நான் போன தெருவில் அந்தத் தண்ணீரைக் குடிக்க மட்டும் பிடித்து வைத்தார்கள். உலை வைக்கவும் குழம்புக்கும் பழைய போர் தண்ணீர். கொதிக்கவைத்தால் ஃப்ளூரைடு போய்விடும் என்று நம்பினார்கள். போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் ஏறும். திட்டம் நல்லதா கெட்டதா என்று விவாதித்த செய்திகள் ஏராளம், அடுப்பில் எந்தக் குடத்துத் தண்ணீர் என்று கேட்டவர்கள் குறைவு. நானே மூன்றாவது முறை போனபோதுதான் கேட்டேன்.

ஆவணம் வேண்டும் என்கிறீர்கள். ஆபீஸில் விரட்டுகிறார்களே?

ஆர்.டி.ஐ. போடுங்கள், அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு. வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டாலோ, மழுப்பலாக வந்தாலோ முதல் மேல்முறையீடு.

‘ஆலையால் மாசு உண்டா?’ என்று கேட்காதீர்கள், ‘இல்லை’ என்று ஒரு வரி வரும். கருத்தைக் கேட்காமல் காகிதத்தைக் கேளுங்கள். இன்ன ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையின் (ஆலை இயங்க வாரியம் தரும் அனுமதி) நகல், கடைசி மூன்று வருஷத்தில் எடுத்த நீர் மாதிரிகளின் ஆய்வு அறிக்கை நகல், அனுப்பிய விளக்கம் கேட்கும் நோட்டீஸ்களின் நகல். ‘இசைவாணை’ என்ற சொல்லையே போடுங்கள். ‘லைசென்ஸ்’ என்று எழுதினால் அப்படி ஒன்றை எங்கள் அலுவலகம் வழங்குவதில்லை என்று பதில் வரும், சட்டப்படி அது சரியான பதிலும்கூட.

புதிய ஆலை வருகிறது என்றால் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும், திட்டச் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். அந்தத் தமிழைப் படித்துப் பாருங்கள். சில சமயம் அதுவே ஒரு செய்தி.

நோயாளியின் பெயர், போட்டோ போட்டால்தானே நம்புவார்கள்?

அவர் சம்மதித்தால் போடலாம். ஆனால் ஜி.ஹெச். வார்டில் டாக்டர் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால், ‘சரிங்க’ என்பதைத் தவிர அவரால் வேறென்ன சொல்ல முடியும்? டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனபிறகு ஒருமுறை கேளுங்கள். எச்.ஐ.வி. தொற்று உள்ளவரின் நிலையை அனுமதியின்றி வெளியிடக் கூடாது. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளம் தெரியும்படி, பள்ளி, தெரு, அப்பா பெயர் எதுவுமே கூடாது.

‘காசநோய்ச் சந்தேக நபர்’ என்று இன்னும் எழுதுகிறோம், என்னமோ அவர் திருடியதைப் போல. பரிசோதனைக்கு வந்தவர் என்று எழுதினால் போதும். சொல் ஒரு பக்கம் இருக்கட்டும், காசநோயில் எழுதப்படாத நல்ல ஸ்டோரி தமிழ்நாட்டில் இருக்கிறது. 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதுமே உடல் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்ஸிஜன் அளவு, துணையில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே வார்டில் சேர்க்கிறார்கள். எடை மெஷினும் விரலில் மாட்டும் கிளிப்பும் போதும். தொடக்கவிழா பிரஸ் நோட்டை எல்லோரும் போட்டோம். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் படிவத்தை யார், எப்படி நிரப்புகிறார் என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவர் உண்டா?

பிரஸ் மீட்டில் பணம் வைத்த கவர் கொடுக்கிறார்கள். வாங்கினால் விருதுக்குச் சிக்கல் வருமா?

விருதுக்கு வருகிறதோ இல்லையோ, செய்திக்கு வரும். அரைக்காசுச் சம்பளம் இல்லாமல் விளம்பரக் கமிஷனில் குடும்பம் நடத்தும் நிருபரிடம் உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. அப்படி வைத்திருக்கும் நிர்வாகங்கள்தான் முதலில் வெட்கப்பட வேண்டும். ஆனாலும் ஒன்று. நீங்கள் எந்த ஆலையை, எந்த ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதுகிறீர்களோ அங்கே தீபாவளி மலருக்கு விளம்பரம் கேட்டுப் போகாதீர்கள். நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வரும்போது, ‘விளம்பரம் தராததால் எழுதினார்’ என்ற ஒரு வரி உங்கள் ஆவணம் அத்தனையையும் காலி செய்துவிடும்.

மருந்து கம்பெனியோ சிமெண்ட் கம்பெனியோ நடத்தும் விருதுகளும் இருக்கின்றன. பணம் யாருடையது, நடுவர்கள் யார் என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். சர்க்கரை நோய் மருந்து விற்பவர் தரும் விருதை வாங்கிய பிறகு, அந்த மருந்தின் விலையைப் பற்றி எழுத உங்களுக்குக் கை ஓடுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

‘நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், 7,500 ரூபாய் கட்டுங்கள்’ என்று மெயில் வந்திருக்கிறது…

கட்டாதீர்கள். நீங்கள் அனுப்பாமலே தேர்வானீர்கள் என்றால் விருதில் ஏதோ கோளாறு இருக்கிறது. ஸ்டார் ஹோட்டல், சால்வை, மேடையில் ரிட்டயர்டு அதிகாரி ஒருவர், பக்கத்தில் நிற்க இரண்டு பாஸ், போட்டோவுக்குத் தனிக் கட்டணம். இது ஒரு வியாபாரம், சட்டவிரோதம்கூட இல்லை. நல்ல விருதுகளிலும் சில வெளிநாட்டு விருதுகள் நுழைவுக் கட்டணம் வாங்குகின்றன என்பது உண்மை. அனுப்பும்போது எல்லோரிடமும் வாங்குவது வேறு, ‘ஜெயித்த’ பிறகு வாங்குவது வேறு.

யூடியூப் சேனல் மட்டும் வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

பல விருதுகள் டிஜிட்டல் பிரிவு வைத்திருக்கின்றன. பதிவு பெற்ற ஊடகம் வேண்டும் என்று கேட்பவையும் உண்டு. தம்ப்நெயிலில் ‘அதிர்ச்சி’ என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தால், நடுவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

விருதைவிடப் பணம்தான் தேவை. களத்துக்குப் போகவே காசில்லை.

அப்படியானால் தேட வேண்டியது ஃபெல்லோஷிப், ஸ்டோரி கிராண்ட். விருது முடிந்த வேலைக்கு, கிராண்ட் தொடங்காத வேலைக்கு. இன்டர்நியூஸ் அமைப்பின் எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க் 2004 முதல் இயங்குகிறது, சுற்றுச்சூழல் செய்திகளுக்கு அவ்வப்போது நிதி அறிவிக்கும். விண்ணப்பத்தில் ‘கடல் மாசு பற்றி எழுத விரும்புகிறேன்’ என்று எழுதினால் கிடைக்காது. ‘2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபின் இறால் பிடிப்பவர்களின் ஒரு வருஷ வருமானக் கணக்கு’ என்று எழுதினால் படிப்பார்கள். பஸ் டிக்கெட், ஆய்வகக் கட்டணம் வரை பட்ஜெட் போடுங்கள். குறைத்துக் கேட்பது நல்ல பிள்ளைத்தனம் இல்லை, அனுபவமின்மை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

எப்போது அனுப்ப வேண்டும்?

பெரும்பாலான விருதுகள் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை வெளியானதைக் கேட்கும், அழைப்பு அடுத்த ஆண்டில் வரும். கடைசி நாள் ராத்திரி பதினொன்றரைக்கு எனக்குப் போன் செய்து ‘அண்ணே, சைட் ஓப்பன் ஆகல’ என்பவர்களுக்காகத் தனியாக ஒரு ரிங்டோன் வைத்திருக்கிறேன்.

என் செய்தி வந்த பேப்பரே என்னிடம் இல்லை. இணையத்திலும் காணோம். என்ன செய்வது?

இதுவும் வாராவாரம் வரும் கேள்வி. உங்கள் செய்தி வந்தது மாவட்டப் பதிப்பில், இணையத்தில் ஏறியது சென்னைப் பதிப்பு. இ-பேப்பர் சில மாதங்களில் மறைந்துவிடும். ஆகவே வெளியான அன்றே முழுப் பக்கத்தையும், தேதியும் பக்க எண்ணும் தெரியும்படி, பி.டி.எப். ஆக எடுத்து வையுங்கள். கட்டிங் மட்டும் போதாது, கட்டிங்கில் தேதி இருக்காது.

தவறவிட்டுவிட்டீர்கள் என்றால் முதலில் பத்திரிகை அலுவலகத்து ஃபைல் காப்பி. அடுத்து மாவட்ட மைய நூலகம், அங்கே எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்பது நூலகரின் மனதையும் இடவசதியையும் பொறுத்தது. எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு, நாட்டில் வெளியாகும் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் சட்டப்படி அனுப்ப வேண்டும். ஆனால் உங்கள் தாலுகா பக்கம் அங்கே இருக்கும் என்று நம்பி பஸ் ஏறாதீர்கள். முதலில் உங்கள் ஊர் பேப்பர் ஏஜென்ட் வீட்டுப் பரணில் தேடுங்கள். விற்காத கட்டு அங்கேதான் இருக்கும், எடைக்குப் போடும் வரை.